தங்கவயல்: ஒரு பாறைக் கீற்றும் அதன் மக்கள் கணக்கும்

1951 கணக்கெடுப்பில் கோலார் தங்கவயலின் மக்கள்தொகை 1,59,084. 2011 கணக்கெடுப்பில் ஏறக்குறைய 1,62,000. இதே 60 ஆண்டுகளில் இன்றைய கர்நாடகத்தின் மக்கள்தொகை 1.94 கோடியிலிருந்து 6.11 கோடியாக, மும்மடங்குக்கும் மேலாகப் பெருகியிருக்கிறது. இந்த எண்களை மட்டும் பார்க்கிறவர் தங்கவயலை அசையாமல் உறைந்துபோன ஊர் என்று நினைத்துவிடுவார். நடந்தது வேறு. அந்த 60 ஆண்டுகளில் ஊரின் முக்கியத் தொழில் தேய்ந்து, 2001 பிப்ரவரி 28 அன்று அடியோடு நின்றது. உழைப்பாளிகள் வேலை பார்க்கும் இடம் நிலத்துக்கு அடியிலிருந்து 100 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பெங்களூருக்கு மாறியது. ஆனால் வீடு மாறவில்லை. தலைகளை எண்ணுகிற கணக்கில் வீடு தெரியும், வேலை தெரியாது. தங்கவயலைப் பற்றி எழுதப்படும் பல கட்டுரைகள் சறுக்குவது இந்த இடத்தில்தான். பாறை, தண்ணீர், ஆட்கள், ரயில் என்ற வரிசையில் பார்த்தால்தான் இந்த எண்களுக்கு அர்த்தம் கிடைக்கிறது.

பாறையிலிருந்து தொடங்குவோம். கோலார் மாவட்டம் முழுக்கப் பெரும்பாலும் கருங்கல் வகைப் பாறைகள்தான். அவற்றுக்கு நடுவே வடக்கு தெற்காக சுமார் 80 கிலோமீட்டர் நீளத்துக்கு, பெரும்பாலும் 3 முதல் 4 கிலோமீட்டர் அகலமே கொண்ட ஒரு கரும்பாறைப் பட்டை ஓடுகிறது. வயது ஏறத்தாழ 270 கோடி ஆண்டு. எரிமலைக் குழம்பு உறைந்து, பிறகு வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறிய பாறை அது. மாநில எல்லைகள் இதற்குப் பின்னால் வந்தவை என்பதால், பட்டை கர்நாடகத்தில் நிற்காமல் தெற்கே ஆந்திரத்தின் குப்பம் பகுதியையும் தமிழ்நாட்டின் கிருஷ்ணகிரி மாவட்டத்தையும் தொடுகிறது. ஆந்திரப் பக்கத்துச் சிகர்குண்டாவிலும் பிசாநத்தத்திலும் தங்கச் சுரங்கங்கள் இருந்தது அதனால்தான்.

இந்தப் பட்டையில் எல்லா இடத்திலும் தங்கம் கிடையாது. சாம்பியன் ரீஃப் என்று பெயர் பெற்ற வெண்கல் (குவார்ட்ஸ்) நரம்பு ஒன்றுதான் உற்பத்தியில் பெரும்பங்கைக் கொடுத்தது. அது மேற்குப் பக்கமாகச் சாய்ந்து, ஆழம் போகப் போக ஏறக்குறைய செங்குத்தாக இறங்குகிறது. பெரிய அளவில் தோண்டப்பட்ட பகுதி, மேற்பரப்பில் அளந்தால் சில கிலோமீட்டர் நீளம்தான். தெற்கிலிருந்து வடக்காக மைசூர் மைன், சாம்பியன் ரீஃப், உரிகம், நந்திதுர்க்கம், பாலகாட் என்று சுரங்கங்கள் வரிசைகட்டி நின்றன. தங்கவயலுக்கு வட்டமான ஊர் வடிவமோ ஒரே நடுமையமோ இல்லாததற்குக் காரணம் இந்த நரம்புதான். ஒவ்வொரு ஷாஃப்டை, அதாவது சுரங்கத்துக்குள் இறங்கும் செங்குத்துக் குழியைச் சுற்றியும் ஒரு குடியிருப்பு, அதற்கென்று ஒரு கடைத்தெரு, ஒரு கோயில், ஒரு தேவாலயம், தனி அஞ்சலகம். மாரிகுப்பம், சாம்பியன், உரிகம், கோரமண்டல் என்ற பெயர்களை ஒரே ஊரின் தெருக்களாக எடுத்துக்கொள்ளக்கூடாது. அவை தனித்தனியாக முளைத்து, நகராட்சி என்ற ஒரே கயிற்றில் பிற்காலத்தில் கட்டப்பட்டவை. தாத்தா பாட்டி வாழ்ந்த இடத்தைத் தேடிப் போகிறவர்கள் 'கே.ஜி.எஃப்.' என்ற முகவரியோடு போனால் நாள் முழுக்க அலைய வேண்டியதுதான். எந்த மைன், எந்த லைன் (தொழிலாளர் வரிசை வீடுகள்) என்று தெரிந்துகொண்டு போங்கள்.

ராபர்ட்சன்பேட்டையும் ஆண்டர்சன்பேட்டையும் வேறு ரகம். சுரங்க நிறுவனங்களின் குத்தகை நிலத்துக்குள் நெரிசலும் கொள்ளைநோயும் பெருகியபோது, வெளியே நேர்த்தெருக்களோடு திட்டமிட்டு எழுப்பிய பேட்டைகள் அவை. வணிகர்களும் சுரங்கத்தில் வேலை இல்லாதவர்களும் அங்கே குடியேறினார்கள். நகராட்சியின் பெயர் இன்றும் ராபர்ட்சன்பேட்டைதான். கணக்கெடுப்பு அட்டவணைகளில் நகரத்தை அந்தப் பெயரில்தான் தேட வேண்டும்.

தரவு தேடுகிறவர்கள் வேறு இரண்டு இடங்களிலும் இடறுகிறார்கள். கோலார் என்பது மாவட்டத் தலைநகரம். தங்கவயல் அங்கிருந்து சுமார் 30 கிலோமீட்டர். 'கோலார் நகர மக்கள்தொகை' என்று எடுத்த எண்ணுக்கும் சுரங்கத்துக்கும் சம்பந்தமே இல்லை. அடுத்தது மாவட்ட எல்லை. 2001இல் கோலார் மாவட்டத்தின் மக்கள்தொகை 25.36 லட்சம், 2011இல் 15.36 லட்சம். சுரங்கம் மூடியதால் 10 லட்சம் பேர் ஊரைவிட்டுப் போனார்கள் என்று இதற்கு விளக்கம் சொன்னால் அது முழுத்தவறு. 2007இல் சிக்கபள்ளாப்பூர் தனி மாவட்டமாகப் பிரிந்தது, அவ்வளவுதான். தங்கவயல் தனித் தாலுகா ஆனது 2018இல். அதற்கு முந்தைய எல்லா அட்டவணைகளிலும் அது பங்காரப்பேட்டை தாலுகாவுக்குள் இருக்கும். காவல்துறைக்கு மட்டும் தங்கவயல் தனி மாவட்டம். வண்டி எண்ணிலும் கோலாருக்கு கே.ஏ. 07, தங்கவயலுக்கு கே.ஏ. 08. சுரங்கம் இருந்த காலத்து நிர்வாகத் தனித்தன்மை இப்படித் துண்டு துண்டாக மிச்சமிருக்கிறது.

இனித் தண்ணீர். கடல் மட்டத்துக்கு மேல் 800 மீட்டருக்கும் அதிகமான உயரம், ஆண்டுக்கு 700 மில்லிமீட்டரை ஒட்டிய மழை, அதிலும் கணிசமான பங்கு செப்டம்பர், அக்டோபரில். வற்றாத ஆறு ஒன்றுகூட இல்லை. நந்திமலைப் பக்கத்தில் பிறக்கும் பாலாறு இந்த மாவட்டத்தின் குறுக்கே வந்து, பேத்தமங்கலம் ஏரியையும் ராமசாகரம் ஏரியையும் நிரப்பிவிட்டு ஆந்திரத்துக்குள் நுழைகிறது. நிரப்பும் ஆண்டுகளில் மட்டும். தெற்கே மார்க்கண்டேயா ஆறு தென்பெண்ணையில் சேர்கிறது. இரண்டு ஆற்றுப் படுகைகளுக்கு நடுவிலான மேட்டில் உட்கார்ந்திருக்கும் ஊர், மழைநீரைப் பிடித்து வைக்கும் முன்பே இரண்டு பக்கமும் இழக்கிறது.

அந்தக் காலத்தில் குதிரைத்திறன் கணக்கில் இயந்திரங்கள் ஓடிய இடத்தில், ஆயிரக்கணக்கான குடும்பங்கள் குடிக்கவும் சமைக்கவும் நீர் வேண்டியிருந்தது. பேத்தமங்கலம் ஏரியிலிருந்து குழாய் போட்டுக் கொண்டுவந்தார்கள். மின்சாரம் இன்னும் தொலைவிலிருந்து வந்தது. 1902 ஜூனில் காவிரியின் சிவசமுத்திரம் அருவியிலிருந்து சுமார் 147 கிலோமீட்டர் கம்பி இழுத்துத் தங்கவயலுக்கு மின்சாரம் கொடுத்தார்கள். பெங்களூர் தெருவிளக்குகளுக்கு அது கிடைத்தது 1905இல். இந்த வரிசையை மனதில் வைத்துக்கொள்வது நல்லது: இந்த நிலம் தன் சொந்த நீராலும் விளைச்சலாலும் தாங்கக்கூடிய கூட்டம் அல்ல அது. தங்கத்தின் பணத்தில் வெளியிலிருந்து இழுத்துவந்த நீரும் மின்சாரமும்தான் அதைத் தாங்கின. பணம் நின்றதும் குழாயைப் பராமரிக்க ஆள் இல்லை.

இன்று சுற்றியுள்ள கிராமங்களில் ஆழ்குழாய்க் கிணறு 1,000 அடிக்கும் கீழே போகிறது. கருங்கல் பாறையில் மேலே சிதைந்த அடுக்கிலும், கீழே விரிசல்களிலும் மட்டுமே நீர் நிற்கும். விரிசல் மாட்டாவிட்டால் 1,200 அடி தோண்டினாலும் புழுதிதான். மாட்டினாலும், நீண்ட காலம் பாறையில் தங்கிய நீர் என்பதால் பல இடங்களில் ஃபுளோரைடு அதிகம். 2018இலிருந்து பெங்களூரின் கழிவுநீரைச் சுத்திகரித்துக் கோலார் மாவட்ட ஏரிகளில் விடும் கோரமங்களா–சல்லகட்டா திட்டம் நடக்கிறது. நிலத்தடி நீர்மட்டத்தை உயர்த்துவது அதன் நோக்கம். நேராகக் குடிக்கும் நீர் அல்ல. மார்க்கண்டேயா மேல் கட்டிய யர்கோள் அணையின் நீர் கோலார், பங்காரப்பேட்டை, மாலூர் நகரங்களுக்கானது. தங்கவயல் அந்தப் பட்டியலில் இல்லை. இத்தனை பேர் வாழும் நகரத்தைக் குடிநீர்த் திட்டத்திலிருந்து விட்டுவிட்டது சரியான முடிவென்று எனக்குத் தோன்றவில்லை.

ஆட்கள் வந்த கதைக்கு எண்களே போதும். 1891இல் 7,085 பேர். 1901இல் 38,204. பத்தே ஆண்டுகளில் ஐந்து மடங்கு. 1880இல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனம் பொறுப்பேற்று, சில ஆண்டுகளில் சாம்பியன் நரம்பு அகப்பட்ட பிறகு நடந்த பெருக்கம் இது. பங்காரப்பேட்டையிலிருந்து மாரிகுப்பத்துக்கு 16 கிலோமீட்டர் கிளை ரயில்பாதையும் இதே பத்தாண்டில்தான் போடப்பட்டது.

வந்தவர்களில் பெரும்பான்மையோர் பக்கத்து கிராமத்துக்காரர்கள் அல்லர். சுற்றுவட்டாரத்தில் நிலம் வைத்திருந்த கன்னட, தெலுங்கு விவசாயிகளுக்குப் பாறைக்கு அடியில் இறங்க வேண்டிய கட்டாயம் இல்லை. வட ஆர்க்காடு, சேலம் மாவட்டங்களின் நிலமற்ற தமிழ்த் தலித் குடும்பங்களுக்கும் சித்தூர்ப் பக்கத்துத் தெலுங்குத் தொழிலாளர்களுக்கும் அது இருந்தது. 1876–78 பெரும்பஞ்சம் இந்தப் பகுதிகளை நசுக்கி ஓராண்டு ஈராண்டு கடந்த நிலையில் சுரங்கம் திறக்கிறது. கூலியை ரொக்கமாகக் கொடுக்கும் வேலை, ஊர்ப் பண்ணையாரின் பிடியிலிருந்து விலகி வாழும் வாய்ப்பு: இரண்டும் சேர்ந்துதான் இழுத்தன. மேலதிகாரிகளாகவும் தேர்ந்த சுரங்கக்காரர்களாகவும் இங்கிலாந்தின் கார்ன்வாலிலிருந்து வந்தார்கள், இத்தாலியர்களும் இருந்தார்கள். இடைநிலைப் பணிகளில் ஆங்கிலோ இந்தியர்கள், காவலுக்குப் பஞ்சாபியர்.

பாதாளத்தில் இறங்கிய தமிழர்களுக்கு நிறுவனம் கொடுத்தது முதலில் மூங்கில் தட்டியால் அடைத்த குடிசை, பிறகு ஒற்றை அறை லைன் வீடு. தண்ணீர்க் குழாயும் கழிப்பறையும் பொது. அதிகாரிகளின் பங்களாக்கள், கிளப்புகள் தள்ளியிருந்த மேட்டில். இந்தப் பிரிவினையைக் குடியிருப்பின் வரைபடத்தில் இன்றும் பார்க்கலாம். இதே லைன்களில்தான் அயோத்திதாசரின் சாக்கிய பௌத்த சங்கம் மாரிகுப்பத்திலும் சாம்பியன் ரீஃபிலும் கிளை விட்டது. தமிழ் பௌத்த வரலாற்றில் தங்கவயலுக்கு இவ்வளவு பெரிய இடம் ஏன் என்று கேட்பவர்களுக்கு விடை இந்தக் குடியேற்றத்தில் இருக்கிறது. 2011இல் கோலார் மாவட்ட மக்களில் சுமார் 30 சதவீதம் பட்டியல் சாதியினர். கர்நாடகத்திலேயே மிக உயர்ந்த விகிதங்களில் ஒன்று அது. தங்கவயல் சட்டமன்றத் தொகுதியும் தனித்தொகுதி.

மொழியைக் கணக்கில் காட்ட முயல்கிறவர்களுக்கு ஒரு குறிப்பு. கணக்கெடுப்பின் சி-16 தாய்மொழி அட்டவணையில் தாலுகா வரியை எடுத்தால், 2011 வரை அது பங்காரப்பேட்டை தாலுகா. சுற்றியுள்ள தெலுங்கு, கன்னட கிராமங்கள் எல்லாம் அதற்குள் கலந்து, நகரத்தின் தமிழ் விகிதத்தைக் குறைத்துக் காட்டும். நகர்ப்புறப் பகுதியைத் தனியாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். இடப்பெயர்வைக் காட்டும் 'டி' வரிசை அட்டவணைகளில் தமிழர் குடியேற்றத்தைத் தேடுவதும் வீண். அங்கேயே பிறந்து வாழும் மூன்றாம், நான்காம் தலைமுறையினர் இடம்பெயர்ந்தவர்களாக அதில் வரவே மாட்டார்கள்.

சுரங்கம் ஏன் மூடியது என்பதற்குத் தங்கம் தீர்ந்துவிட்டது என்று ஒரே வரியில் பதில் சொல்வது வழக்கம். தீரவில்லை; எடுக்கும் செலவுக்குக் கட்டுப்படியாகாத தரத்துக்கு இறங்கியது. தொடக்கக் காலத்தில் ஒரு டன் பாறையில் 40 கிராமுக்கு மேல் கிடைத்தது, கடைசிக் காலத்தில் 3 கிராமை ஒட்டி. அதே நேரம் ஆழம் 3 கிலோமீட்டரைத் தாண்டியது. அங்கே பாறையின் வெப்பம் 60 பாகை செல்சியசுக்கு மேல். குளிரூட்டிய காற்றை உள்ளே தள்ள வேண்டும், ஊறும் நீரைப் பல கட்டமாக மேலேற்ற வேண்டும், ஒரு ஷிப்டில் கணிசமான நேரம் இறங்கி ஏறுவதிலேயே போகும். இதற்கெல்லாம் மேலாகப் பாறை வெடிப்பு. அவ்வளவு ஆழத்தில் மேலிருக்கும் பாறையின் எடை முழுவதும் சுற்றுச்சுவரை அமுக்குகிறது. கல்லை வெட்டியெடுத்த வெற்றிடத்தைச் சுற்றி அழுத்தம் குவிந்து, ஒரு கட்டத்தில் பாறை சத்தத்தோடு சிதறுகிறது. வெட்டிய இடத்தில் கருங்கல் அடுக்கித் தாங்கு கொடுத்துப் பார்த்தார்கள், பிறகு கான்கிரீட். குறைந்ததே தவிர நிற்கவில்லை. பெரிய வெடிப்புகளில் மேலே வீட்டுச் சுவர்களும் விரிசல் விட்டன. 1988இல் தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனம் தங்கவயலில் தொடங்கப்பட்டதன் பின்னணி இதுதான். ஆனால் இதே ஆழம்தான் இயற்பியலாளர்களுக்கு வாய்ப்பானது. விண்ணிலிருந்து வரும் பிற துகள்களைப் பாறை வடிகட்டிவிடுவதால், 1965இல் வளிமண்டல நியூட்ரினோக்களை (எதனோடும் எளிதில் மோதாமல் பாறையையும் ஊடுருவும் நுண்துகள்களை) முதன்முதலில் கண்டறிந்த ஆய்வுகளில் ஒன்று இங்கே நடந்தது.

ஆட்குறைப்பு 2001இல் திடீரென்று நடக்கவில்லை என்பது மக்கள்தொகைக் கணக்கைப் படிக்க முக்கியம். 1951 உச்சத்துக்குப் பிறகு ஊர் சுருங்கி, 1971இல் 1.2 லட்சம் அளவுக்கு வந்துவிட்டது. 1956இல் மைசூர் அரசும், 1962இல் ஒன்றிய அரசும் சுரங்கத்தை எடுத்துக்கொண்டன. 1972இல் பாரத் கோல்டு மைன்ஸ் நிறுவனமாயிற்று. 1964இல் தொடங்கிய, மண் அள்ளும் கனரக இயந்திரங்கள் செய்யும் பெமல் தொழிற்சாலை இன்னொரு வேலைத்தளத்தைக் கொடுத்தது. எண்ணிக்கை மறுபடி ஏறியது அதன் பிறகுதான். ஆகவே 1951க்கும் 2011க்கும் இடையில் வரைகோடு நேராகப் போகவில்லை, இறங்கி ஏறியிருக்கிறது. இரண்டு முனைகளை மட்டும் ஒப்பிடுவது ஏமாற்றும்.

சுரங்கம் மூடிய பிறகும் மக்கள் ஏன் போகவில்லை? முதல் காரணம் வீடு. லைன் வீட்டில் குடியிருப்பவர் ஒருவர், அடிநிலம் நிறுவனத்தின் பெயரில். பத்திரம் இல்லாத வீட்டை விற்க முடியாது, அடகு வைக்க முடியாது; காலி செய்தால் உரிமை கேட்கும் வாய்ப்பும் போய்விடும். பெங்களூரில் வாடகைக்கு ஓர் அறை எடுக்கும் பணத்தில் இங்கே குடும்பமே ஓடும். இரண்டாவது காரணம் ரயில். மாரிகுப்பம், சாம்பியன், உரிகம், கோரமண்டல் என்று கீற்றின் ஒவ்வொரு முனையிலும் நின்று, பங்காரப்பேட்டை வழியாகப் பெங்களூருக்கு ஏறக்குறைய இரண்டரை மணி நேரம். விடியுமுன் கிளம்பி இரவில் திரும்பும் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில். தங்கத்துக்காகப் போட்ட பாதை அது. 2020இல் பயணிகள் ரயில்கள் நிறுத்தப்பட்டபோது தங்கவயலில் வருமானம் நின்ற வேகத்தைப் பார்த்தவர்களுக்கு, இந்த ஊரின் முதலாளி யார் என்பது விளங்கியிருக்கும்.

இந்தத் தினசரிப் பயணத்தைக் கணக்கில் பிடிக்க 2011இன் பி-28 அட்டவணை உதவும். வீட்டிலிருந்து வேலையிடத்துக்கு உள்ள தொலைவையும் போகும் வாகனத்தையும் அது சேர்த்துக் கொடுக்கிறது. 51 கிலோமீட்டருக்கு மேல் என்ற பத்தியில் ரயில் வரியைப் பாருங்கள். குறை என்னவென்றால், மாவட்ட அளவில்தான் கிடைக்கும். மாலூரிலிருந்தும் கோலாரிலிருந்தும் போகிறவர்களும் அதில் கலந்திருப்பார்கள் என்பதைக் கழித்துக்கொண்டுதான் படிக்க வேண்டும்.

போய்ப் பார்க்க விரும்புகிறவர்களுக்குச் சில விஷயங்கள். ஷாஃப்டுகள் மூடிக்கிடக்கின்றன, உள்ளே நீர் ஏறிவிட்டது; கீழே இறங்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சயனைடு மலைகள் என்று ஊரார் சொல்லும் வெளிர்நிறக் குன்றுகள் 13 இருக்கின்றன. தாதுக்கல்லை மாவாக அரைத்து, சயனைடு கரைசலில் தங்கத்தைப் பிரித்தெடுத்த பிறகு கொட்டிய கழிவு அது, சுமார் 3.3 கோடி டன். படம் எடுக்க அழகாக இருக்கும். காற்றடிக்கும் நாளில் அதன் மேல் நடக்காதீர்கள். கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு நுண்ணிய சிலிக்காத் தூசு நுரையீரலில் தங்கிவிடும். மழைக்குப் பின் ஓரங்கள் அரித்துச் சரியும். குன்றுகளிலிருந்து காற்று வீசும் திசையில் வீடு வைத்திருப்பவர்கள் கதவு ஜன்னலை அடைத்துச் சமைப்பது ஒரு நாள் சங்கடம் இல்லை, வாழ்நாள் முழுவதும்.

இந்தக் குன்றுகளில் டன்னுக்கு ஒரு கிராமுக்கும் குறைவாகத் தங்கம் மிச்சமிருக்கிறது. ஏற்கெனவே வெட்டி அரைத்து மேலே கிடப்பதால் ஆழச் செலவு இல்லை. அதனால் 1,003 ஏக்கரில் பரவிய 13 குன்றுகளிலும் மறுபடி தங்கம் எடுக்கும் ஒன்றிய அரசின் திட்டத்துக்குக் கர்நாடக அமைச்சரவை 2024 ஜூனில் இசைவு கொடுத்தது. இதை வைத்து ஊருக்குப் பழைய வாழ்வு திரும்பும் என்று பேசுகிறார்கள். என் கணிப்பு அப்படியில்லை. கழிவைப் பொக்லைன் அள்ளும், குழாயில் கரைசல் ஓடும். ஒரு காலத்தில் பாதாளத்தில் வேலை செய்த ஆயிரக்கணக்கான கைகளுக்கு அதில் இடமில்லை. அள்ளும்போது எழும் தூசையும் மீண்டும் கொட்டும் இடத்தையும் பற்றித்தான் லைன்வாசிகள் முதலில் கேள்வி கேட்க வேண்டும்.

அடுத்த கணக்கெடுப்பு 2027இல். தங்கவயல் தனித் தாலுகாவாக இடம்பெறும் முதல் கணக்கெடுப்பு அதுதான். அதன் அட்டவணைகள் வெளிவந்ததும் மொத்த மக்கள்தொகையில் நின்றுவிடாதீர்கள். குடும்பங்களின் எண்ணிக்கை ஏறி ஆட்கள் ஏறாமல் இருந்தால், இளையவர்கள் பெங்களூரிலேயே தங்கத் தொடங்கிவிட்டார்கள் என்று பொருள். பூட்டிக்கிடக்கும் வீடுகளின் வரியையும் 60 வயதுக்கு மேற்பட்டோர் விகிதத்தையும் அதோடு சேர்த்துப் பாருங்கள். 2011இன் பங்காரப்பேட்டை தாலுகாவோடு ஒப்பிடும்போது, இரண்டு புதிய தாலுகாக்களையும் கூட்டிக்கொண்ட பிறகே ஒப்பிடுங்கள்.